புல்லுக்குள் ஒரு தொட்டில்

என் ஆல்பத்தில் ஒரு போட்டோ இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "இதிலே என்ன இருக்கு?" என்பதுதான். கேட்பதில் தப்பே இல்லை. படத்தில் பாதிக்கு மேல் வெறும் புல். மேலே கொஞ்சம் வானம். நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பழுப்பாக ஒரு புள்ளி. அதை ஒட்டினாற்போல் இன்னொரு குட்டிப் புள்ளி. என் நாத்தனார் ஒரு தடவை, தூசி ஒட்டியிருக்கிறது என்று நினைத்துப் புடவைத் தலைப்பால் துடைத்தே பார்த்துவிட்டாள்!

போன மாதம் அந்த ஆல்பத்தை மறுபடி பரணிலிருந்து இறக்க வேண்டி வந்தது. என் மகளுக்குப் பேறுகால விடுப்பு முடிகிற சமயம். எங்கள் காலத்தில் 12 வாரம்தான். 2017-ல் சட்டத்தைத் திருத்தி 26 வாரம் ஆக்கியிருக்கிறார்கள். அந்த 26 வாரமும் எப்படிப் போயிற்று என்றே தெரியவில்லை. திங்கட்கிழமை ஆபீஸ். சனிக்கிழமை சாயங்காலம் பார்த்து, பக்கத்து வீட்டு அம்மாள் கறிவேப்பிலை வாங்க வந்தாள். வந்தவள் சும்மா போகக்கூடாதா? "பச்சைக் குழந்தையை விட்டுட்டுப் போக உனக்கு எப்படித்தான் மனசு வருதோ!" என்று சொல்லிவிட்டுப் போனாள். என் மகள் பதில் பேசவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றைக்கு ராத்திரி அவளிடம் நான் சொன்ன கதையைத்தான் இப்போது உங்களிடமும் சொல்லப் போகிறேன்.

சிங்கப்பூரிலிருந்து வந்த பெட்டி

எனக்குப் போட்டோ எடுக்கிற பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் என் தம்பி. சிங்கப்பூரிலிருந்து வந்தபோது ஒரு யாஷிகா காமிராவும், தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டுகிற 200 மி.மீ. லென்ஸ் ஒன்றும் வாங்கி வந்து கொடுத்தான். "பொம்பளைக்கு எதுக்கு இந்தப் பெட்டி?" என்று என் மாமியார் கேட்டார். ஆனால் தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் முதல் படம் அவருக்குத்தான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முகம் தூக்கிவிடும்!

1992-ஆம் வருஷம் தை மாதம். வேதாரண்யத்தில் என் சித்தப்பா மகள் கல்யாணம். நான், என் வீட்டுக்காரர், எட்டு மாதக் கைக்குழந்தையாக என் மகள், கூட என் அம்மா, எல்லாரும் போயிருந்தோம். கல்யாணம் முடிந்த மறுநாள் சித்தப்பா என் காமிராவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இவ்வளவு பெரிய லென்ஸை வெச்சுக்கிட்டுக் கல்யாணப் பந்தியையே எடுத்துக்கிட்டிருக்கியே! கோடியக்கரையிலே வெளிமான் பார்த்திருக்கியா?"

பொன்னியின் செல்வன் படித்த நமக்கெல்லாம் கோடிக்கரை புதிய பெயரா என்ன? அந்த ஊர்தான் இது. வேதாரண்யத்திலிருந்து பத்துப் பதினோரு கிலோமீட்டர். கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. கடற்கரை சட்டென்று திரும்புகிற முனை. ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் சதுப்பு, நடுவில் எந்தக் காலத்திலும் பச்சை மாறாத குட்டையான காடு, அதன் விளிம்பில் புல்வெளி. இந்தப் புல்வெளியில் மேய்கிற வெளிமான்களைக் காப்பாற்றத்தான் 1967-ல் இதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். குளிர்காலத்தில் பூநாரைகளும் வடக்கிலிருந்து வருகிற மற்றப் பறவைகளும் வந்து இறங்குவது அதற்கு மேல் ஒரு சீர் வரிசை.

மான் என்கிறோம், மான் அல்ல

ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் கேட்டால் உங்களுக்கும் உதவும். வெளிமான் என்று ஊரில் சொன்னாலும், கணக்குப்படி இது மான் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. புள்ளிமானுக்கும் கடமானுக்கும் கொம்பு கிளை விட்டு வளரும். விழுந்து விழுந்து புதிதாக முளைக்கும். வெளிமானின் கொம்பு கிளை விடாது, விழவும் விழாது. உள்ளே எலும்பு, மேலே நம் நகத்தைப் போன்ற ஓர் உறை. ஆடு மாடுகளுக்கு இருப்பது மாதிரியேதான். ஆகவே சொந்தம் கொண்டாடுவதானால் அது ஆடு மாடுகளோடுதான் கொண்டாட வேண்டும். இந்த இனத்துக்குத் தமிழில் இரலை என்று அருமையான பழைய பெயர் இருக்கிறது. புல்வாய் என்றும் சொல்வார்கள். கொம்பு முறுக்கிக்கொண்டு மேலே போவதால் திருகுமான் என்றும் ஒரு பெயர்.

ஆணுக்குத்தான் அந்த முறுக்குக் கொம்பு. வயசு ஏற ஏற முதுகு கறுத்துக்கொண்டே வரும். வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி மை தீட்டுவதற்குப் பதில் சுண்ணாம்பு தீட்டினாற்போல் வெள்ளை வளையம். பெண்ணுக்குக் கொம்பு இல்லை. வெளிர்ப் பழுப்பு நிறம். காய்ந்த புல்லில் நின்றால் புல்லோடு புல்லாகப் போய்விடும்.

"கலியாணத்துக்கு வந்தீங்களா?"

சித்தப்பாவே வனத்துறையில் சொல்லி அனுமதி வாங்கித் தந்தார். விடியற்காலை நாலரை மணிக்குக் குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூங்க வைத்தேன். கேழ்வரகுக் கஞ்சிக்கு மாவை எடுத்து வைத்துவிட்டு, "பத்து மணிக்குள்ளே வந்துடறேம்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, நானும் அவரும் முதல் பஸ்ஸைப் பிடித்தோம்.

எங்களோடு வருவதற்கு வாட்சர் ஒருவர் காத்திருந்தார். ஐம்பது வயசு இருக்கும். காக்கிச் சட்டை, தோளில் ஒரு துண்டு. என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் கட்டியிருந்தது மாம்பழ மஞ்சளில் பளிச்சென்று ஒரு புடவை. கை நிறையக் கண்ணாடி வளையல். தலையில் முதல் நாள் கல்யாணத்து ஜாதிமல்லி.

"ஏம்மா, கலியாணத்துக்கு வந்தீங்களா, மான் பார்க்க வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தாங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "பூவை எடுத்துடுங்க. வளையலுக்கு மேலே கைக்குட்டையைச் சுத்திக்குங்க. ஐயா போர்வையைக் குடுங்க, அந்த மஞ்சளை மூடட்டும்" என்றார். அவர் சொன்னதன் அர்த்தம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. வெட்டவெளியில் வாழ்கிற பிராணி அது. ஒளிந்துகொள்ள மரம் இல்லை. அதனால் கண்தான் அதற்குக் காவல். முகத்தின் இரண்டு பக்கமும் தள்ளி இருக்கிற அந்தப் பெரிய கண்கள், குனிந்து மேய்கிறபோதே முன்னும் பக்கவாட்டிலும் ஏறக்குறையப் பின்னாலும் பார்த்துக்கொண்டிருக்கும். காதும் மூக்கும் அதற்குத் துணை. வளையல் சத்தமும் மல்லிகை வாசனையும் நமக்குத்தான் மங்களம்; அதற்கு அந்நியம்.

பத்தொன்பது படம் பாழ்

புல்வெளியின் ஓரத்துக்கு வந்தபோது சூரியன் ஒரு முழம் ஏறியிருந்தது. பனி இன்னும் புல்லில் இருந்தது. தூரத்தில் பதினைந்து இருபது வெளிமான்கள். அவற்றின் நடுவே கரும்பழுப்பாக, கொம்பை முதுகின் மேல் சாய்த்துக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஒரு ஆண். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேராக அவற்றைப் பார்த்து வேகமாக நடந்தேன்.

வாட்சர் கையைப் பிடித்து இழுக்காத குறை. அதற்குள் ஒரு பெண்மான் தலையைத் தூக்கிற்று. அடுத்த நிமிஷம் அந்தரத்தில் ஒரு துள்ளு! அதைப் பார்த்து இன்னொன்று, அதைப் பார்த்து மற்றது. ஒன்றன் பின் ஒன்றாகத் துள்ளிக் குதித்து, பிறகு காலைப் பரப்பி ஓட்டமெடுத்தன. வெளிமான் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் வரை ஓடக்கூடியது என்று பிற்பாடு படித்தேன். எனக்கென்ன தெரியும்? படபடவென்று காமிராவை அமுக்கிக்கொண்டே இருந்தேன். 36 படச் சுருளில் 19 படம் காலி. கழுவிப் பார்த்தபோது அத்தனையிலும் மானின் பின்பக்கம்தான், அதுவும் கலங்கலாக!

"அதுக்கு நேரே நடக்கக் கூடாதும்மா" என்றார் வாட்சர். "அதைப் பார்க்காத மாதிரி, வேற எங்கேயோ போற மாதிரி, கோணலாப் போகணும். காத்து மானுகிட்டேயிருந்து நம்ம பக்கம் வரணும். அது தலையைத் தூக்கினா நின்னுடணும். அதைவிட நல்லது, ஒரு எடத்திலே உட்கார்ந்துடறது. அது தானே வரும். வரல்லேன்னா அதிர்ஷ்டம் இல்லைன்னு எழுந்து போயிடணும்."

உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் போயிற்று. மான்கள் திரும்பி வந்தன; ஆனால் நூறு மீட்டருக்கு இந்தப் பக்கம் வரவில்லை. அந்தத் தூரத்தில் என் 200 மி.மீ. லென்ஸில் ஒரு வெளிமான், போஸ்ட் கார்டு அளவுப் படத்தில் சுண்டுவிரல் நகத்துக்கு மேல் வராது. எனக்கோ பொறுமை போய்விட்டது. மணி எட்டு. பத்துக்குள் திரும்ப வேண்டும். ஒரு நல்ல படம்கூட இல்லை.

காலடியில் ஒரு ஜோடிக் கண்

வாட்சரும் என் வீட்டுக்காரரும் கொஞ்சம் தள்ளிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காலை நீட்டிக்கொள்ளலாம் என்று எழுந்து, புல் உயரமாக இருந்த பக்கம் பத்துப் பதினைந்தடி நடந்திருப்பேன். எதையோ பார்த்து நின்றேன். முதலில் காய்ந்த சருகு என்று நினைத்தேன். சருகுக்குக் கண் இருக்குமா?

பிறந்து சில நாட்களே ஆகியிருக்க வேண்டிய குட்டி. கழுத்தைத் தரையோடு நீட்டி, காதை ஒட்ட மடித்து, கல் மாதிரி கிடந்தது. அசையவில்லை. கண் மட்டும் என்னையே பார்த்தது. மூச்சில் விலா ஏறி இறங்குவது தெரிந்தது.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. எனக்கு அந்த நிமிஷத்தில் தோன்றியது ஒன்றுதான்: படம்! ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்து ஒன்று எடுத்தேன். இன்னும் கிட்டே போய் ஒன்று. கிட்டத்தட்ட அதன்மேல் கவிழ்ந்து இன்னொன்று. அது ஓடாமல் எனக்காகவே அசையாமல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான், "ஐயோ, தாய் விட்டுட்டுப் போயிடுச்சா?" என்று மனசு இளகிற்று. தூக்கிப் போர்வையில் வைத்துக்கொள்ளக் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க!"

வாட்சர் சத்தம் போடவில்லை, அடிக்குரலில்தான் சொன்னார். ஆனால் அந்தக் குரலில் எனக்கு உடம்பு சில்லிட்டுப் போயிற்று. என்னை வந்த வழியே பின்னால் நடக்கச் சொன்னார்.

"பாவம், தாய் இல்லாத குட்டி..." என்று இழுத்தேன்.

"தாய் இல்லாம என்ன? அதோ பாருங்க."

அவர் காட்டிய பக்கம் பார்த்தேன். கூட்டத்தை விட்டுத் தனியாக, வெகு தூரத்தில் ஒரு பெண்மான் நின்றது. மேயவில்லை. எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் அந்தக் குட்டியின் மேல் கவிழ்ந்து படம் எடுத்த நேரம் முழுவதும் அது அப்படித்தான் நின்றிருக்க வேண்டும்.

விட்டுப் போவதும் காவல்தான்

வாட்சர் எங்களைத் தள்ளித் தள்ளி ஒரு மணல் மேட்டுப் பக்கம் அழைத்துக்கொண்டு போனார். போகிற வழியில் அவர் சொன்னதுதான் எனக்குப் பாடம்.

வெளிமான் ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும். ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாகச் சுமந்து பெறுகிற குட்டி. பிறந்த புதிதில் அதற்குத் தாயோடு ஈடுகொடுத்து ஓடத் தெரியாது. தாய் பக்கத்திலேயே நின்றால் என்ன ஆகும்? வெட்டவெளியில் நிற்கிற தாயை நரி வெகு தூரத்திலேயே பார்த்துவிடும். தாயைப் பார்த்தால் குட்டியையும் பார்த்துவிடும். ஆகவே தாய் குட்டியைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுகிறது. குட்டி அசையாது, குரல் கொடுக்காது. குட்டியின் மேல் வாசனை தங்காதபடி தாய் நக்கிச் சுத்தம் செய்துவிட்டுப் போகும். தூரத்தில் மேய்ந்துகொண்டே ஒரு கண் இங்கே வைத்திருக்கும். வேளைக்கு வந்து பால் கொடுக்கும், மறுபடி போய்விடும். முதல் சில வாரங்களுக்கு இப்படித்தான். குட்டிக்குக் கால் பலப்பட்ட பிறகுதான் கூட்டத்தோடு சேர்த்துக்கொள்ளும்.

"இது தெரியாம, பாவம் பார்த்துத் தூக்கிட்டு வந்துடறாங்கம்மா" என்றார் வாட்சர். "மாட்டுப் பாலைக் குடுப்பாங்க. வயித்தாலே போகும். அதுக்கப்புறம் பிழைக்கிறது கஷ்டம். தாய் அங்கே தேடிக்கிட்டு நிக்கும்."

"நான் அதைத் தொடலியே" என்றேன், யாரோ என்னைக் குற்றம் சாட்டினாற்போல.

"தொடல்லே. ஆனா நீங்க நடந்த தடம் இருக்கு. காக்கா பார்த்திருக்கும். நரி பார்த்திருக்கும். நாம இங்கே இருக்கிற வரைக்கும் அது வராது."

மணல் மேட்டுக்குப் பின்னால் ஒரு புதர் ஓரமாக உட்கார்ந்தோம். குட்டி இருந்த இடம் இருநூறு அடிக்கு மேல் இருக்கும். தாய் அதற்கும் அப்பால். மணி ஒன்பது ஆயிற்று. தாய் வரவில்லை. ஒன்பதரை. பத்தடி வந்தது, எங்கள் பக்கம் பார்த்தது, திரும்பிப் போயிற்று. என் வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "குழந்தை எழுந்திருக்கும்" என்றார்.

அவர் சொல்ல வேண்டியதே இல்லை. தாய்மார்களுக்குத் தெரியும், அந்த வேளைக்கு உடம்பே மணி அடித்துவிடும். மார்பு கனத்து, ரவிக்கை நனைந்து, போர்வையை இறுக்கிப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே வேதாரண்யத்தில் என் குழந்தை. இங்கே புல்லுக்குள் அந்தக் குழந்தை. அங்கே நான் போகவில்லை. இங்கே தாயைப் போகவும் விடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எழுந்திருங்கம்மா" என்றார் வாட்சர். "நாம இன்னும் தள்ளிப் போவோம். நாம செய்யக்கூடிய உதவி அது ஒண்ணுதான்."

ஒரே ஒரு படம்

பாதை ஓரத்து மரங்களுக்கு அடியில் வந்து நின்றோம். நாங்கள் போனதைத் தாய் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு மேய ஆரம்பித்தது. அதாவது, மேய்கிற மாதிரி. நாலடி இந்தப் பக்கம், தலையைத் தூக்கும். இரண்டடி அந்தப் பக்கம். மறுபடி தலையைத் தூக்கும். குட்டி இருக்கிற இடத்துக்கு நேராக அது ஒரு தடவைகூட நடக்கவில்லை. யாரோ பார்த்துக்கொண்டிருந்தால்கூட, "எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை" என்று சொல்கிறாற்போல் சுற்றிச் சுற்றி வந்தது. காலையில் வாட்சர் எனக்குச் சொல்லிக் கொடுத்த அதே கோணல் நடை!

அந்தத் தூரத்தைக் கடக்க அதற்கு அரை மணிக்கு மேல் ஆயிற்று. பத்தரை மணி சுமாருக்கு ஓரிடத்தில் நின்றது. புல் அசைந்தது. குட்டி எழுந்து நின்றது. நிற்கத் தெரியாமல் நின்று, தடுமாறி, தாயின் வயிற்றுக்கு அடியில் முட்டிக்கொண்டு குடித்தது. வால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. தாய் அதை நக்கிக் கொடுத்தது. நக்கிக்கொண்டே தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.

நான் ஒரே ஒரு படம் எடுத்தேன். காமிராவை மூடிப் பையில் வைத்தேன். சுருளில் இன்னும் படம் மீதி இருந்தது.

வீடு திரும்ப மணி பன்னிரண்டரை. ஓட்டமாக உள்ளே போனேன். குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. கடைவாயில் கேழ்வரகுக் கஞ்சி காய்ந்திருந்தது.

"ரெண்டு கரண்டி குடிச்சது, கொஞ்ச நேரம் விளையாடிச்சு, தூங்கிடுச்சு. ஒரு சிணுங்கல் இல்லே" என்றாள் அம்மா. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, அவ அழல்லே, நீ எதுக்கு அழறே?" என்றாள்.

ஒட்டாத படம்

ஊருக்கு வந்து சுருளைக் கழுவக் கொடுத்தேன். ஸ்டூடியோக்காரர் படங்களைக் கொடுக்கும்போதே, "இதைப் பெரிசு பண்ணி என் கடை வாசல்லே மாட்டிக்கட்டுமாம்மா?" என்று கேட்டார். குட்டியைக் கிட்டத்தில் எடுத்த மூன்று படங்களில் ஒன்று. ஒவ்வொரு மயிரும் தெரிகிறது. கண்ணுக்குள் வானம் தெரிகிறது. நான் இன்றுவரை எடுத்ததில் அதைவிட அழகான படம் இல்லை.

ஆனால் அந்தக் கண்ணுக்குள் இன்னொன்றும் தெரிகிறது. குனிந்த ஓர் உருவம், முகத்துக்கு முன்னால் ஒரு பெட்டி. அதுதான் நான். மடிந்து கிடக்கிற காது, நீட்டிய கழுத்து எல்லாம் எனக்குக் கொடுத்த 'போஸ்' அல்ல, பயம் என்று இப்போது தெரிந்துவிட்டதே! வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் படத்தை நான் ஆல்பத்தில் ஒட்டவே இல்லை. ஒட்டியது, அந்தச் சுண்டுவிரல் நகப் படத்தைத்தான்.

நீங்கள் போனால்...

குழந்தைகளை அழைத்துக்கொண்டு போய் வெளிமான் காட்டுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்தவர்களுக்கு வல்லநாடு சரணாலயம். தஞ்சை, நாகைப் பக்கத்தவர்களுக்கு எங்கள் கோடியக்கரை. ஆனால் என் மாதிரி தவறு செய்யாதீர்கள். பட்ட பாட்டில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்:

காலையிலும் மாலையிலும் போங்கள். மேய்கிற நேரம் அது. மங்கலான நிறத்தில் உடுத்துங்கள். பளபளப்பு, சலசலப்பு, வாசனை மூன்றும் வேண்டாம். வண்டியில் போனால் பாதையை விட்டு இறங்காதீர்கள்; அவை வண்டியைக் கண்டு மிரள்வதைவிட மனிதர் நடந்து வருவதைக் கண்டு மிரள்வதுதான் அதிகம். மேய்கிற மான் தலையைத் தூக்கி உங்களையே பார்க்க ஆரம்பித்தால், நீங்கள் போக வேண்டிய தூரத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். துரத்தி எடுத்த படம் படமே அல்ல. இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது; குழந்தைகளுக்கு இதை முதலிலேயே சொல்லி வையுங்கள்.

புல்லில் தனியாகக் குட்டி கிடந்தால், நின்று பார்க்காமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள். மனிதர் கை பட்டாலே தாய் ஒதுக்கிவிடும் என்று சொல்வார்கள். அது அப்படியே நிஜம் அல்ல. ஆனால் நாம் பக்கத்தில் நிற்கிறவரை தாய் வராது என்பது முழு நிஜம். அடிபட்டிருந்தாலோ, நாய் கவ்விப் போட்டிருந்தாலோ வனத்துறையினரிடம் சொல்லுங்கள். வீட்டுக்குத் தூக்கி வந்து வளர்ப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். புலியும் யானையும் இருக்கிற அதே முதல் அட்டவணையில்தான் வெளிமானும் இருக்கிறது.

அதற்கு நம்மால் ஆகிற தொந்தரவு குறைந்தால் போதும். மற்றவை ஏற்கெனவே நிறைய. சீமைக் கருவேலம் புல்வெளியைத் தின்றுகொண்டே வருகிறது. 2004 சுனாமியில் கோடியக்கரையின் பழைய சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் இடிந்து விழுந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் காட்டையே முறித்துப் போட்டது. வெளிமான்களைக் கடல் அடித்துக்கொண்டு போய், சில உடல்கள் காரைக்கால் கரையில் ஒதுங்கின. அந்தச் செய்தியைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. தப்பிப் பிழைத்தவற்றின் வாரிசுகள் இன்றும் அங்கே மேய்கின்றன என்பதுதான் ஆறுதல்.

திங்கட்கிழமை

இந்தக் கதையைச் சொல்லி முடித்து, இரண்டு படங்களையும் என் மகள் கையில் கொடுத்தேன். மானைப் பார்த்து மனுஷி பாடம் படிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதன் பிழைப்பு வேறு, நம் பிழைப்பு வேறு. தள்ளி இருப்பதெல்லாம் விட்டுப் போவது ஆகாது என்று மட்டும் அன்றைக்கு நான் கண்ணால் பார்த்தேன், அதைச் சொன்னேன்.

அவள் வெகு நேரம் அந்தச் சின்னப் படத்தையே பார்த்தாள். "அந்தத் தாய் எவ்வளவு தூரத்திலேம்மா இருந்துது?"

"கண்ணுக்கு எட்டற தூரத்திலே."

"எனக்கு ஆபீஸ் பதினாலு கிலோமீட்டர்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். இரண்டு நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

எனக்கு அன்றைக்குத் தெரியாத ஒரு வழி அவளுக்குத் தெரிந்திருந்தது. டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி தாய்ப்பாலை எடுத்துச் சுத்தமான பாத்திரத்தில் மூடி, தேதி எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். வேலைக்குப் போகும் தாய்மார்கள் தங்கள் டாக்டரிடம் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. அடுப்பில் வைத்துக் காய்ச்சக் கூடாது. பாத்திரத்தை வெந்நீரில் நிறுத்திக் குளிர் போக வைத்தால் போதும். பேரன் முதல் வாய்க்கு முகத்தைச் சுளித்தான். அடுத்த வாய்க்கு நாக்கை நீட்டினான்.

மணி பத்துக்கு டெலிபோன். "குடிச்சானா?"

"குடிச்சான்."

பத்தரைக்கு மறுபடி. "தூங்கினானா?"

"தூங்கறான்."

பதினொன்றுக்கு மூன்றாம் தடவை மணி அடித்தபோது என் வீட்டுக்காரர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "ஆபீஸ்லே இவ வேலை பார்க்கிறாளா, இல்லே போன்தான் பேசறாளா?" என்று கேட்டார்.

"மேய்கிற தாய் தலையைத் தூக்கிப் பார்க்காம இருப்பாளா? நீங்க பேசாம இருங்க" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்தேன்.